கரண்ட் போனால் தண்ணீர் எங்கே போகும்?

மீன் தொட்டி: வாசகர் கேள்வி, பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி சம்ப் பற்றியவை. யாரோ வாட்ஸ்அப்பில் அழகான சம்ப் வீடியோ ஒன்றை ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள் போல. தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: சம்ப் என்பது மீன் தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டுக்குள் மறைவாக வைக்கும் இரண்டாவது தொட்டி. மேல் தொட்டியில் நிரம்பும் தண்ணீர் தானாக வழிந்து அதற்குள் விழும். பஞ்சு, கல் எல்லாவற்றையும் தாண்டி, கடைசியில் பம்ப் வழியாக மறுபடி மேலே ஏறும். அவ்வளவுதான் விஷயம். அதில் எத்தனை வழியில் வீடு நனையலாம் என்பதுதான் மீதிக் கதை.

கேள்வி: அண்ணே, எங்கள் வீட்டுக் கூடத்தில் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டி இருக்கிறது. மூன்று ஆஸ்கார், ஒரு பண்டாராயா மீன். மேலே வைக்கும் ஃபில்டர்தான் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கழுவினால் புதன்கிழமைக்குள் தண்ணீர் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்துக்கு வந்துவிடுகிறது. மீன் கடைக்காரர் சம்ப் போடச் சொல்கிறார். இருக்கிற தொட்டியை மாற்றாமல் போட முடியுமா? என்ன அளவு? எங்கள் தாமானில் மழை இடித்தால் கரண்ட் போய்விடும், அதுதான் பயமாக இருக்கிறது.
(வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: நம்ம ஊர்க்காரரா, சந்தோஷம். தம்பி, அந்தப் பயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். சம்ப் போட நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பம்ப் எத்தனை லிட்டர் என்று. நீங்கள் கரண்டில் ஆரம்பித்திருக்கிறீர்கள். நானும் அங்கேயே ஆரம்பித்திருந்தால் எங்கள் வீட்டு அரிசி மூட்டை நனைந்திருக்காது.

என் முதல் சம்பை நானே கட்டினேன். செம்பனை ஆலையில் 28 வருடம் பிட்டராக இருந்து பைப் மாட்டியவன், ஒரு மீன் தொட்டிக்கு மாட்டத் தெரியாதா என்ற திமிர். தொட்டி உங்களுடைய அளவேதான். பம்பிலிருந்து மேலே வரும் குழாயின் வாயைத் தண்ணீருக்குள் 5 அங்குல ஆழத்தில் வைத்தேன், அடியில் கிடக்கும் அழுக்கைக் கிளப்பட்டும் என்று. பம்ப் நின்றால் அதே குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பிக் கீழே இறங்கும் என்பது தெரியாமல் இல்லை. மோட்டார் சைக்கிள் டாங்கில் குழாய் விட்டுப் பெட்ரோல் உறிஞ்சிய எவருக்கும் அது தெரியும். அதனால் குழாயில், நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே, 3 மில்லிமீட்டரில் ஒரு துளை போட்டேன். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் துளை வழியாகக் காற்று புகும், இறக்கம் அறுந்துவிடும். சுவிட்சை இரண்டு தடவை அணைத்துப் பார்த்தேன். அழகாக நின்றது.

தீபாவளிக்கு முந்தின வாரம், சாயங்காலம். நாலு மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு இடி. வீட்டுக்காரம்மா அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். கரண்ட் போனது. மெழுகுவர்த்தியைத் தேடி, தீப்பெட்டியைத் தேடி, பத்து நிமிடம் ஆகியிருக்கும். "என்னங்க, கால் நனையுது" என்று குரல் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், ஸ்டாண்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் சத்தமே இல்லாமல் சீராக வந்து, சுவரோரம் சாய்த்து வைத்த அரிசி மூட்டையைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குள் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் குழாயைக் கழற்றினேன். அந்தத் துளைக்குள் ஒரு குட்டி நத்தை, மூக்குத்தித் திருகாணி மாதிரிக் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. நீளமாக, கூம்பாக, முறுக்கிய ஓடு உள்ள ஜாதி. வெளிநாட்டு மீன்காரர்கள் அதற்கு மலேசிய ட்ரம்பெட் நத்தை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மலாயில் சிப்புட் என்றால் நத்தை. ஊர்ப் பெயரில் இருந்தது போதாதென்று என் குழாயிலும் வந்து குடியேறிவிட்டது.

பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்கள் முதலிலேயே போட்டுவிடுங்கள். தொட்டியின் பரப்பு 4 பெருக்கல் ஒன்றரை, 6 சதுர அடி. ஒரு கன அடித் தண்ணீர் 28.3 லிட்டர். ஆக, மட்டம் ஒரு அங்குலம் இறங்கினால் சுமார் 14 லிட்டர் கீழே வரும். 5 அங்குலம் என்றால் 70 லிட்டர். என் சம்பில் மிச்சமிருந்த இடம் 30 லிட்டர். மீதி 40 லிட்டர், பெரிய பெயின்ட் வாளியில் இரண்டுக்கு மேல், எங்கள் கூடத்தில்.

நத்தையைத் திட்டிப் புண்ணியமில்லை. வாயை 5 அங்குலம் கீழே வைத்தது நான். மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே வைத்திருந்தால், துளை அடைத்துக்கொண்டாலும் 7 லிட்டரோடு கதை முடிந்திருக்கும். இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். துளையும் ஒன்றுக்கு இரண்டு. தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். ஆலையில் அந்த வால்வுகளைக் கழற்றிக் கழுவியே பாதி ஆயுள் போனது எனக்கு. நூல் போலப் பாசி ஒன்று நாக்கில் மாட்டினால் போதும், சரியாக மூடாது. போடுவதென்றால் போடுங்கள். ஆனால் அதை நம்பிச் சம்பைச் சின்னதாக்காதீர்கள்.

சரி, உங்கள் தொட்டிக்கு வருவோம். முழுக்க நிரப்பினால் 9 கன அடி, ஏறக்குறைய 255 லிட்டர். ஸ்டாண்டுக்குள் 3 அடி நீளம், 1 அடி அகலம், 15 அங்குல உயரத்தில் ஒரு சம்ப் வைக்கலாம். ஸ்டாண்டின் நடுக்கால் குறுக்கே நின்றால் தொட்டி உள்ளே போகாது. முதலில் அட்டைப் பெட்டியை அதே அளவில் வெட்டி நுழைத்துப் பாருங்கள். மேலே கை விட்டுப் பஞ்சை எடுக்கவும் ஒரு சாண் இடம் வேண்டும்.

இந்தச் சம்பின் பரப்பு 3 சதுர அடி, மேல் தொட்டியில் பாதி. அதனால் மேலே ஒரு அங்குலம் இறங்கினால் கீழே இரண்டு அங்குலம் ஏறும். பம்ப் ஓடும்போது சம்பில் 9 அங்குலத்துக்கு மேல் தண்ணீர் நிற்க வேண்டாம். மீதி 6 அங்குலம் காலியாகவே இருக்கட்டும். அந்தக் காலி இடத்தைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் கல் போடலாமே என்று கை ஊறும். போடாதீர்கள். அது மழை நாளுக்காக வைத்த இடம்.

இதற்கு நேர் எதிரான விபத்தும் உண்டு. பம்ப் ஓடுகிறது, ஆனால் மேலிருந்து இறங்கும் வழி அடைத்துக்கொண்டது. அப்போது பம்ப் இருக்கும் அறையின் தண்ணீர் முழுவதும் மேலே ஏறிவிடும். அந்த அறை 9 அங்குல நீளம், 12 அங்குல அகலம், தண்ணீர் 8 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது 14 லிட்டர், அதாவது மேல் தொட்டியில் சரியாக ஒரு அங்குலம். எனவே மேல் தொட்டியில் விளிம்புக்கு ஒன்றரை அங்குலம் கீழே மட்டம் நிற்க வேண்டும். பம்ப் அறையைப் பெரிதாகக் கட்டினால் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். எவ்வளவு பெரிதோ அவ்வளவு தண்ணீர் ஒரு நாள் தரைக்கு வரும்.

தொட்டியை மாற்ற வேண்டாம், ஆனால் துளை போடுவதுதான் நல்லது. பின்பக்கக் கண்ணாடியில், மேல் விளிம்பை ஒட்டி. முதலில் அது டெம்பர் செய்த (சூட்டில் உறுதியாக்கிய) கண்ணாடியா என்று பாருங்கள். டெம்பர் கண்ணாடியில் டிரில் வைத்தால் முழுத் தொட்டியும் கல்கண்டாக உதிர்ந்துவிடும். வெயிலுக்குப் போடும் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொட்டிக்குப் பின்னால் லேப்டாப்பின் வெள்ளைத் திரையை வைத்துப் பாருங்கள். திட்டுத் திட்டாகக் கறை தெரிந்தால் டெம்பர். அடிக் கண்ணாடி பல தொட்டிகளில் டெம்பராக இருக்கும், பக்கங்கள் பெரும்பாலும் சாதாரணக் கண்ணாடி. சாதாரணம் என்று உறுதியானால் கண்ணாடிக் கடையில் சொல்லுங்கள், வைரத் தூள் பதித்த வட்ட டிரில்லால், தண்ணீர் விட்டுக்கொண்டே போட்டுத் தருவார்கள். துளைக்கும் விளிம்புக்கும் இடையே குறைந்தது துளையின் அகலம் அளவுக்காவது கண்ணாடி மிஞ்ச வேண்டும். இரண்டு துளை போடச் சொல்லுங்கள். ஒன்று தினசரி இறக்கத்துக்கு, இன்னொன்று ஒரு அங்குலம் மேலே, முதல் துளை அடைத்தால் காப்பாற்ற. இறங்கும் குழாய் ஒன்றேகால் அங்குலம், ஏறும் குழாய் முக்கால் அங்குலம். துளைகளில் குழாயைக் கண்ணாடியோடு இணைக்கும் டேங்க் கனெக்டர், அதற்கு முன்னால் சீப்புப் பல் மாதிரி வெட்டிய தடுப்பு. உங்கள் ஆஸ்கார்கள் அந்தத் தடுப்பைப் பிடித்து இழுத்து விளையாடும், நன்றாக ஒட்டிவையுங்கள்.

துளை வேண்டாம் என்றால், பெட்ரோல் உறிஞ்சும் குழாய் மாதிரியே விளிம்பின் மேல் வளைந்து இறங்கும் சைபன் குழாய் வைத்த பெட்டிகள் கிடைக்கின்றன. நன்றாகச் செய்தவை, கரண்ட் போய் வந்தாலும் சைபனை விடாது. ஆனால் வளைவின் உச்சியில் சின்னச் சின்னக் காற்றுக்குமிழ் சேர்ந்துகொண்டே இருக்கும். என்றைக்கோ ஒரு நாள் சைபன் அறுந்துவிடும். நீங்கள் வேலைக்குப் போன நாளாகத்தான் அது இருக்கும்.

சம்பின் உள்ளே அறைகள். என் அப்பா ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்தார். பால் உறைய வைக்கும் நீளத் தொட்டியில் அலுமினியத் தகடுகளை வரிசையாகச் செருகுவார்கள். சம்புக்குக் கண்ணாடித் தடுப்பு ஒட்டும்போதெல்லாம் எனக்கு அந்தத் தொட்டியும் அதன் புளித்த வாசனையும்தான் ஞாபகம் வரும். உங்கள் 36 அங்குலத்தை இப்படிப் பிரியுங்கள்: முதல் 8 அங்குலத்தில் தண்ணீர் விழும் இடமும் வெள்ளைப் பஞ்சும். அடுத்த 16 அங்குலத்தில், கழிவை மாற்றும் கிருமிகள் குடியிருக்க, ஜப்பான் மேட், பீங்கான் வளையம், எரிமலைக் கல், எது கைக்கு எட்டுகிறதோ அது. அதற்கு அடுத்த 3 அங்குலத்தில் தண்ணீர் ஒரு தடுப்புக்கு மேலேயும் அடுத்ததற்குக் கீழேயும் ஏறி இறங்கும்படி நெருக்கமான தடுப்புகள். குமிழிகள் அங்கேயே நின்றுவிடும், மேல் தொட்டி சோடா பாட்டில் மாதிரி ஆகாது. கடைசி 9 அங்குலம் பம்புக்கு. முதலில் பஞ்சு, பிறகு கல். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் ஆஸ்காரின் கழிவு முழுக்கக் கல் இடுக்கில் தங்கி அழுகும். பஞ்சை வாரம் இரண்டு தடவை மாற்றுங்கள். உங்கள் மீனுக்கு இரண்டு கூடக் குறைச்சல்தான்.

ஒட்டுவதற்குப் பூஞ்சைக் கொல்லி கலக்காத சிலிக்கோன் வாங்குங்கள். குளியலறை சிலிக்கோன் வேண்டவே வேண்டாம். ஒட்டி ஒரு வாரம் காயட்டும்.

பம்ப்: 255 லிட்டரை மணிக்கு ஐந்து தடவை சுற்ற வேண்டுமானால் 1,275 லிட்டர். பெட்டியில் 3,000 என்று போட்டிருப்பது உயரமே ஏற்றாதபோது ஓடும் அளவு. நான்கடி ஏறி, இரண்டு வளைவு வளைந்து வரும்போது பாதிக்குப் பக்கமாக இறங்கிவிடும். ஆகவே அந்த 3,000-தான் உங்களுக்குச் சரி. குழாயில் ஒரு பால் வால்வு மாட்டிக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மின்சார வேலையில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு தொங்கல் கீழே தொங்கட்டும், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். பிளக் பாயிண்ட் ஸ்டாண்டுக்குள் வேண்டாம், சம்ப் மட்டத்துக்கு மேலே, வெளியே. கசிவு கண்டால் விழும் சுவிட்ச், அந்தக் காலத்து ஆட்கள் இ.எல்.சி.பி. என்பார்கள், அது வேலை செய்கிறதா என்று அதன் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பெரிய இடிக்கு அதுவே விழுந்துவிடும், வீட்டில் ஆள் இல்லையென்றால் யாரும் தூக்கிவிடாமல் மீன்கள் இரவு முழுக்கக் காற்றில்லாமல் கிடக்கும். கரண்ட் போனால் தானாக ஓடும் பாட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு, மீன் விடுவதற்கு முன்னால், சுவிட்சை அணைத்துவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். நான் செய்தது மாதிரி இரண்டு தடவை இல்லை, பத்துத் தடவை. ஒவ்வொரு தடவையும் தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்று சம்பின் கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். பிறகு ஏறும் குழாயின் காற்றுத் துளைகளை டேப் ஒட்டி மூடிவிட்டு ஒரு தடவை. இறங்கும் குழாயைத் துணியால் அடைத்துவிட்டு ஒரு தடவை. தரை காய்ந்திருந்தால் சம்ப் முடிந்தது.

இவ்வளவு செய்தாலும் மூன்று ஆஸ்காருக்கு அந்தத் தொட்டி இறுக்கம்தான். ஒவ்வொன்றும் ஒரு அடி வளரும். சம்ப் தண்ணீரைக் கூட்டுமே தவிர நீந்த இடத்தைக் கூட்டாது. வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுவதும் நிற்காது. பண்டாராயா மீனை, குப்பை அள்ளும் மாநகராட்சியின் அந்தப் பெயரை நம்பிச் சுத்தத்துக்கு வைக்காதீர்கள், அது தின்பதைவிடப் போடுவது அதிகம். வளர்ந்துவிட்டது என்று ஆற்றிலும் விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே நம் ஆறுகளில் தேவைக்கு மேல் இருக்கிறது.

கேள்வி: ஐயா, போன சனிக்கிழமை புதுச் சம்ப் மாட்டினேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பழைய ஃபில்டரை அன்றைக்கே கழற்றி, கழுவி, வெயிலில் காயவைத்து ஸ்டோரில் வைத்துவிட்டேன். இன்றைக்கு ஐந்தாம் நாள், தங்க மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. பம்ப் போதவில்லையா?
(வாசகர், பீடோர்)

பதில்: பம்பில் குறை இல்லை. காயவைத்தீர்களே, அதுதான். கடிதம் வந்த அன்றே உங்களுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

மீன் கழிவிலிருந்து அமோனியா வரும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அது மீன் தாங்கக்கூடியது. இந்த இரண்டு கூட்டமும் குடியிருந்தது உங்கள் பழைய ஃபில்டரின் அழுக்குப் பஞ்சில். குழாய்த் தண்ணீரின் குளோரினில் பாதி போயிருக்கும், மீதியை வெயில் முடித்திருக்கும். புதுச் சம்பில் அவை குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். தண்ணீர் தெளிவாக இருப்பதற்கும் விஷம் இல்லாமல் இருப்பதற்கும் சம்பந்தமே கிடையாது.

எங்கள் ஆலைக்குப் பின்னால் கழிவுநீருக்கு வரிசையாகக் குளங்கள் இருந்தன. முதல் குளத்தில் கழிவு ஆவி பறக்கப் பழுப்பாக வந்து விழும், பக்கத்தில் நின்றால் சட்டையெல்லாம் நாறும். ஒவ்வொரு குளமாகத் தாண்டிக் கடைசிக் குளத்துக்கு வரும்போது அதில் உடும்பு நீந்திக்கொண்டிருக்கும். வழியில் யாரும் மருந்து போடுவதில்லை, எல்லாம் கிருமிகள் செய்யும் வேலை. புதுக் குளம் வெட்டினால் நாங்கள் முதலில் செய்வது, பழைய குளத்துச் சேற்றை லோரியில் கொண்டுவந்து அதில் கொட்டுவது. சம்புக்கும் அதேதான். பழைய ஃபில்டரைக் குறைந்தது ஒரு மாதம் கூடவே ஓட விடுங்கள். அதன் பஞ்சைக் கொஞ்சம் சம்புக்குள் பிழிந்துவிடுங்கள், பார்க்க அருவருப்பாக இருக்கும், பரவாயில்லை. ஒரு வித்தியாசம் மட்டும்: ஆலையின் முதல் குளங்களில் வேலை செய்பவை காற்று வேண்டாத கிருமிகள். சம்பில் இருப்பவற்றுக்குக் காற்று வேண்டும். ஓட்டம் பல மணி நேரம் நின்றால் அவையும் சாகும்.

இப்போதைக்கு: இரண்டு நாள் இரை வேண்டாம். தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள், குளோரின் நீக்கும் மருந்து போட்டு. பத்து லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சாதா உப்புக் கரைத்து விடலாம். அதிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்துக்குள் போவதைத் தடுக்கும். மீன் வளர்க்கும் நண்பர் யாராவது இருந்தால் அவர் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு, ஈரம் காயாமல், கேட்டு வாங்குங்கள். நோயில்லாத தொட்டியாக இருக்க வேண்டும், அது முக்கியம்.

கேள்வி: அண்ணா, எங்கள் வீட்டுக்காரர் சம்ப் போட்டதிலிருந்து ராத்திரியில் யாரோ கழிவறையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது போல் சத்தம். குழந்தை எழுந்துவிடுகிறது. நான் சுவிட்சை அணைத்தால் அவர் கோபப்படுகிறார்.
(வாசகி, தெலுக் இந்தான்)

பதில்: தங்கச்சி, உங்களுக்கும் தூக்கம் வேண்டும், மீனுக்கும் ஓட்டம் வேண்டும். சுவிட்சை அணைக்காதீர்கள். இறங்கும் குழாய்க்குள் தண்ணீரும் காற்றும் சண்டை போடுவதுதான் அந்தச் சத்தம். உங்கள் வீட்டுக்காரரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். குழாய் மேலே வளையும் இடத்தில் T வடிவ இணைப்பு ஒன்றை மாட்டி அதன் மேல் வாயைத் திறந்து வைத்தால் காற்று அங்கே அமைதியாகப் போய்வரும். குழாயின் கீழ் நுனி சம்புத் தண்ணீருக்குள் ஒரு அங்குலம் மட்டும் முழுகட்டும், அதற்கு மேல் ஆழமாகப் போனால் காற்று வெளியேற முடியாமல் இன்னும் குமுறும். செங்குத்தாக விழும் குழாயைச் சாய்வாக மாற்றினால் பாதிச் சத்தம் அப்போதே அடங்கிவிடும். வால்வை இறுக்கிச் சத்தத்தை அடக்கும் வித்தையும் இருக்கிறது, ஆனால் இரண்டாவது துளை இல்லாத தொட்டியில் அதைச் செய்யக் கூடாது. காரணம் மேலே நம்ம ஊர்த் தம்பிக்கு எழுதியதில் இருக்கிறது.

கேள்வி: சம்ப் பம்ப் 24 மணி நேரமும் ஓடினால் பில் எவ்வளவு ஏறும்?
(வாசகர், கூலிம்)

பதில்: 40 வாட் பம்ப், 24 மணி நேரம், 30 நாள்: 28.8 யூனிட். உங்கள் பில்லில் ஒரு யூனிட் என்ன விலை என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். பம்ப் வாங்கும்போது லிட்டரைப் பார்ப்பது போல வாட்டையும் பாருங்கள். மலிவான பம்ப் ஒன்று நல்ல பம்பைவிட இரண்டு மடங்கு வாட் இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். கடையில் மிச்சம் பிடித்த காசு பில்லில் போய்விடும்.

கேள்வி: சம்ப் இருந்தால் 4 அடித் தொட்டியில் அரோவானா வளர்க்கலாமா ஐயா? என் மாமா ஒரு குஞ்சு தருகிறேன் என்கிறார்.
(வாசகர், பாகான் செராய்)

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது புக்கிட் மேரா ஏரி, கிரியான் நெல்வயல்களுக்காக 1906-இல் கட்டி முடித்தது. தங்க அரோவானாவின் சொந்த வீடு அது. அந்த மீன் இரண்டடி வளரும். ஒன்றரை அடி அகலத் தொட்டியில் அது திரும்பவே முடியாது, முதுகு வளைந்துபோகும். சம்ப் எவ்வளவு பெரிதானாலும் அதற்கு உதவாது. குறைந்தது 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், கனமான மூடி. இன்னொன்று: 1975-இலிருந்து அனைத்துலக ஒப்பந்தத்தின் கீழ் காக்கப்படும் மீன் அது. பதிவு பெற்ற பண்ணையில் வளர்ந்ததற்கு உடம்பில் சிப்பும், கூடவே சான்றிதழும் இருக்கும். மாமாவிடம் முதலில் அந்தக் காகிதத்தைக் கேளுங்கள்.

கேள்வி: சம்புக்கு மாற்றத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைக்கிறோம். அதில் கொசுப் புழு வந்துவிட்டது. மீனுக்குப் போடலாமா?
(வாசகர், பந்திங்)

பதில்: மீன் நன்றாகவே தின்னும். ஆனால் டெங்கிப் பரிசோதனைக்குச் சுகாதார இலாகாக்காரர்கள் வந்து அந்தப் பீப்பாயைத் திறந்தால் உங்களுக்குத்தான் அபராதம். ஓட்டம் உள்ள சம்பில் கொசு முட்டை போடாது, நிற்கும் தண்ணீரில்தான் போடும். பீப்பாய்க்குள் ஒரு ஏர் கல்லைப் போட்டுக் குமிழ விடுங்கள், மேலே கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டுங்கள். குளோரினும் சீக்கிரம் போகும்.

கேள்வி: சம்ப் முழுக்க நத்தை. ஆயிரம் இருக்கும். மருந்து அடித்துக் கொல்லலாமா?
(வாசகி, கோலகங்சார்)

பதில்: மருந்து வேண்டாம். நத்தையைக் கொல்லும் மருந்துகளில் பெரும்பாலும் செம்பு இருக்கும், அது மீனையும் படுத்தும். அதோடு ஆயிரம் நத்தை ஒரே நாளில் செத்தால் அந்த அழுகலே உங்கள் தொட்டியை முடித்துவிடும். நத்தை பெருகுவது மிச்ச இரையால்தான். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு மட்டும் போடுங்கள். பம்பின் வாய்க்குப் பழைய நைலோன் காலுறையை இழுத்து மாட்டி ரப்பர் வளையம் போட்டு, வாரம் ஒரு தடவை கழற்றிக் கசக்குங்கள்.

இருக்கிறவற்றைப் பிடிக்க ஒரு வழி. வெள்ளரிக்காயைத் தடியாக வட்டமாக நறுக்கி, கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, முள்கரண்டியில் குத்தி, விளக்கை அணைத்த பிறகு பம்ப் அறையில் இறக்கிவிடுங்கள். விடிவதற்குள் எழுந்து மெதுவாகத் தூக்கினால் வெள்ளரிக்காயே தெரியாது, அவ்வளவு அப்பியிருக்கும். விளக்கைப் போட்டுவிட்டுத் தூக்கினால் பாதி உதிர்ந்துவிடும். எங்கள் வீட்டில் இப்போதும் வெள்ளிக்கிழமை தோறும் இந்த வேட்டை நடக்கிறது. பிடித்ததை வீட்டுக்காரம்மா கோழிக்குப் போடுகிறார்.